குபேரக் கோலமும் மரச்சிலுவையும்

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். தாள், பென்சில், பகடை வைத்து ஆடும் மாயக்கதை விளையாட்டு. அதில் வீரர்கள் காசு கொடுத்து வாங்கும் சாமான் பட்டியலில் கயிறு, தீவட்டியோடு மரச்சிலுவையும் வெள்ளிச்சிலுவையும் இருந்தன. ரத்தக்காட்டேரிக்குச் சிலுவையைக் கண்டால் ஆகாது. 1978 விதிப்புத்தகத்தில் 'புனிதச் சின்னம்' என்ற பொதுப்பெயர் வந்துவிட்டது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் தன் சாமியின் சின்னத்தை நீட்டலாம்.

சரி, காட்டேரி வேறு மதமாக இருந்தால்? ரோமன் போலன்ஸ்கியின் 1967 படம் ஒன்றில், யூதக் காட்டேரி ஒன்று சிலுவையைப் பார்த்துச் சிரிக்கும். சிரிப்புக்குப் பின்னால் நல்ல கேள்வி இருக்கு. சின்னத்தின் சக்தி எங்கே இருக்கு? வடிவத்திலா, பிடித்திருப்பவர் நம்பிக்கையிலா, எதிரில் நிற்பவர் நம்பிக்கையிலா?

நான் பார்த்தவரை, இதற்கு நம்ம ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கமே இரண்டு பதில் கிடைக்கும்.

முதல் பதில் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கு. ராமானுஜர் பிறந்த ஊர் இது. மரபு சொல்லும் வருஷம் 1017. ஸ்ரீவைஷ்ணவர்களின் பஞ்ச சம்ஸ்காரத்தில், ஆசாரியர் காய்ச்சிய சக்கரத்தை வலது தோளிலும் சங்கை இடது தோளிலும் ஒற்றுவார். அதே சங்கு சக்கரத்தைக் கடையில் வாங்கி நாமே சூடு போட்டுக்கிட்டா அது வெறும் தழும்புதான். குரு, மந்திரம், சரணாகதி எல்லாம் சேர்ந்தால்தான் அது முத்திரை. இங்கே சின்னம் என்பது ஓர் உறவின் சாட்சி. அதனால் அது தனியாக வேறு மதத்துக்குப் பயணம் போகாது.

இரண்டாவது பதில் குபேரக் கோலம். வெள்ளிக்கிழமை பூஜையறையில் போட்டு, கட்டத்துக்கு ஒரு காசும் பூவும் வைப்பாங்களே, அதுதான்:

27  20  25
22  24  26
23  28  21

நெடுக்கா, குறுக்கா, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 72. இப்போ ஒவ்வோர் எண்ணிலும் 19-ஐக் கழிச்சுப் பாருங்க:

8  1  6
3  5  7
4  9  2

எப்படிக் கூட்டினாலும் 15. இது சீனர்களின் 'லோ ஷூ' கட்டம் (இடவலமாகத் திருப்பிப் போட்டாலும் அதே கட்டம்தான்). லோ நதியிலிருந்து வந்த ஆமையின் முதுகில் இருந்தது என்பது அவர்கள் கதை.

மூலைகளைக் கவனியுங்க: 2, 4, 6, 8. அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. இந்த நான்குக்கும் உரிய எழுத்துகளைச் சேர்த்தால் 'புதூஹ்' என்று வரும். அந்தச் சொல்லையே காப்பாகத் தாயத்திலும், பத்திரமாகப் போய்ச் சேரணும்னு கடிதத்தின் மேலும் எழுதினார்கள்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது பிரசவச் செய்தி. 1111-ல் இறந்த இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி, கஷ்டப் பிரசவத்துக்கு இந்தக் கட்டத்தைத் துணியில் எழுதிப் பயன்படுத்துவதைக் குறிப்பிடுகிறார். அவருக்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்பு, விருந்தர் எழுதிய சமஸ்கிருத மருத்துவ நூலான 'சித்தயோக'த்திலும் சுகப்பிரசவத்துக்கு ஒரு கட்டம் இருக்கு. எண்கள் மட்டும் இரட்டிப்பு, கூட்டுத்தொகை 30. சாமி வேறு, மொழி வேறு. கட்டமும் அதே, பெண்ணின் வலியும் அதே.

இது ஏன் இவ்வளவு தூரம் போச்சு? அதற்குள் எந்தச் சாமியும் இல்லை என்பதால்தான். கூட்டிப் பார்த்தால் யாருக்கும் விடை சரியாக வரும். அந்தச் 'சரியா வருது' என்பதுதான் அதன் வசியம். குபேரன், ஆமை, அரபு எழுத்து எல்லாம் போன ஊரில் போட்டுவிட்ட சட்டை.

இரண்டு வகைக்கும் விலை உண்டு. உரிமை உள்ள சின்னத்துக்குச் சண்டை வரும். வடகலை, தென்கலை நாம வழக்குகள் ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றம் ஏறின. உரிமை இல்லாத சின்னம் வந்த வழியை மறந்துவிடும். பிறகு ஒருவர் "இது முழுக்க எங்களுது" என்பார், இன்னொருவர் "அது அவங்க மூடநம்பிக்கை" என்பார்.

பொருள் வராமல் வடிவம் மட்டும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம். 1974 டிசம்பரில் 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொடரில் ஒரு ராட்சசன் கதை வந்தது. யூதர்கள் வாழும் பகுதியில் ஓர் இந்தியக் கிழவர் ராட்சசனைத் தடுக்கக் காப்பாக ஸ்வஸ்திகா வரைகிறார். பார்ப்பவர்களுக்கு அது ஹிட்லரின் சின்னம். அந்த ராட்சசன் சாவது மந்திரித்த அம்பில். 1977-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அரக்கர் கையேட்டிலும் ராட்சசன் வந்தான், அவனுக்கும் மந்திரித்த அம்பால்தான் சாவு. எந்தச் சாமியார் மந்திரித்தாலும் போதும்!

ஒரகடம் பக்கம் இது வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் வைத்துப் பூசணி உடைப்பது நம்ம வழக்கம். ஒடிசா, வங்காளத்துத் தொழிலாளர்கள் செப்டம்பர் 17-ல் விஸ்வகர்மா பூஜை செய்து வளர்ந்தவர்கள். பக்கத்து மிஷின்காரர் வைத்திருக்கும் குறியைப் பார்த்தால், "இது எந்தச் சாமி?" என்பதோடு இன்னொன்றும் கேட்கலாம்: "இது எதுக்குக் காவல்?" பெரும்பாலும் பதில் ஒன்றுதான். கை போகக் கூடாது, வேலை போகக் கூடாது, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கணும்.