விரிவாக்கப் பணியாளர் கூட்டுப்பணி: பூதலூரும் தஞ்சை டெல்டாவும்

ஆராய்ச்சி நிலையத்திலும் அரசு அலுவலகத்திலும் உருவாகும் செய்தியை ஊருக்குக் கொண்டுபோவதும், ஊரின் சங்கடத்தை அங்கே திரும்பக் கொண்டுவருவதும் விரிவாக்கப் பணியாளரின் வேலை. கிராம சேவக், ஊர்நல அலுவலர், உதவி வேளாண்மை அலுவலர் என்று அவர்களுடைய பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. தங்களுக்குள்ளும், பிற துறையினரோடும், விஞ்ஞானிகளோடும் அவர்கள் வளர்த்துக்கொண்ட தொழில் உறவுகளைத் தஞ்சை டெல்டாவில் 1950கள் தொடங்கி இன்றுவரை ஒரே தொடராகப் பின்பற்றிப் பார்க்க முடிகிறது. இந்தியாவின் பெரிய விரிவாக்கத் திட்டங்களில் பலவும் இந்த மண்ணில் சோதிக்கப்பட்டவை.

களம்

பூதலூர், தஞ்சாவூர்–திருச்சிராப்பள்ளி ரயில் பாதையில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். கல்லணை இருக்கும் தோகூர் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய் மூன்றும் பிரிவது அங்கேதான். வடக்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பழைய டெல்டாவின் நன்செய். தெற்கே செங்கிப்பட்டிப் பக்கம் மேட்டு நிலம், ஏரிப் பாசனம், மானாவாரி. நடுவே மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த புது ஆற்றின் ஆயக்கட்டு.

ஒரே ஒன்றியத்துக்குள் இத்தனை வகை நிலம் இருப்பதால் எந்த அலுவலரும் தனியாக நின்று எல்லாம் சொல்லிவிட முடியாது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்று விடலாம்; தள்ளிப்போனால் குறுவையை விட்டு நேராகச் சம்பாவுக்குப் போக வேண்டும். எந்த மதகில் எப்போது தண்ணீர் வரும், முறைப்பாசனம் வருமா என்பதைப் பாசனப் பொறியாளரிடமோ மதகு பார்க்கும் லஸ்கரிடமோ கேட்காமல் வேளாண்மை அலுவலர் விதை பற்றிப் பேசினால் விவசாயி சிரிப்பார். இங்கே கூட்டுப்பணி அரசாணையால் பிறந்ததைவிட ஆற்றால் பிறந்தது அதிகம்.

கிராம சேவக் காலம்

சென்னை மாகாண அரசு 1946இல் தொடங்கிய பிர்க்கா வளர்ச்சித் திட்டம் கிராம சேவக் அமைப்புக்கு முன்னோடி. 1952 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாளில் தேசிய விரிவாக்கப் பணி வந்தது. வட்டார வளர்ச்சி அலுவலரின் கீழ் வேளாண்மை, கால்நடை, கூட்டுறவு, கல்வி என்று துறைக்கொரு விரிவாக்க அலுவலர். அவர்களுக்குக் கீழே ஊர் ஊராகச் சுற்றும் பத்து கிராம சேவக்குகள். பெண்களுக்கான பணிக்குக் கிராம சேவிகாக்கள், அவர்களுக்கு மேலே முக்கிய சேவிகா. பல்வந்த்ராய் மேத்தா குழுவின் 1957 அறிக்கை, 1958இன் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு இந்த அமைப்பு ஊராட்சி ஒன்றியத்தோடு இணைந்தது.

விதை, உரக்குழி, தடுப்பூசி, கிணற்றுக்கு மருந்து, முதியோர் பள்ளி எல்லாவற்றையும் கிராம சேவக்தான் கையில் எடுத்துக்கொண்டு போனார். துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன என்பதைவிட, அந்த ஒரு மனிதரின் நாட்குறிப்பில் எல்லாத் துறையும் சேர்ந்திருந்தது என்று சொல்வது சரியாக இருக்கும். அதனாலேயே எதிலும் ஆழம் இல்லை என்ற குறையும் எழுந்தது. நெல்லில் ஏன் தழை மஞ்சளாகிறது என்று கேட்டால் அவர் ஒன்றிய அலுவலகத்து வேளாண்மை விரிவாக்க அலுவலரைத் தேட வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே கட்டடம் என்பது மட்டும் நல்ல வசதி. இப்பணியாளருக்கான பயிற்சி மரபைத் தொடரும் ஊரக வளர்ச்சி நிறுவனங்களில் ஒன்று இன்றும் இதே மாவட்டத்தில், பட்டுக்கோட்டையில் இயங்குகிறது.

பாக்கேஜ் திட்டமும் ரேடியோ நெல்லும்

இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு 1959இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து, மக்கள் ‘பாக்கேஜ் திட்டம்’ என்று அழைத்த தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் ஏழு மாவட்டங்களில் தொடங்கியது. லூதியானா, மேற்கு கோதாவரி, அலிகார், ராய்ப்பூர், ஷாகாபாத், பாலி ஆகியவற்றோடு தஞ்சாவூரும் 1960இல் சேர்ந்தது. அப்போதைய தஞ்சை மாவட்டம் இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களையும் உள்ளடக்கியது.

விதை, உரம், கடன், பூச்சி மருந்து, ஆலோசனை எல்லாம் ஒரே நேரத்தில் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்பது திட்டத்தின் கரு. இதற்காக ஒன்றியத்தில் கிராம சேவக்குகளின் எண்ணிக்கை பத்திலிருந்து இருபதாக உயர்த்தப்பட்டது. வீட்டுக்கு வீடு பண்ணைத் திட்டம் எழுத வேண்டும். அந்தத் தாளை வைத்துக் கூட்டுறவுச் சங்கம் கடன் தர வேண்டும். சங்கக் கிடங்கில் உரம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண். கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் கிராம சேவக்கும் ஒருவரையொருவர் தவிர்க்க முடியாத நிலை முதன்முறையாக அப்போதுதான் உண்டானது.

இந்த வலையின் முழு வலு தெரிந்தது ஆடுதுறை 27 நெல்லில். 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம்மூர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலப்பினம் செய்து உருவாக்கிய குறுகிய கால ரகம் அது. 1960களின் நடுவில் குறுவைக்கு வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் தொடர்ந்து ஒலிபரப்பியது. விஞ்ஞானி நிலையத்தில் பேசியதை விவசாயி வயலில் கேட்டார், மறுநாள் கிராம சேவக்கிடம் விதை கேட்டார். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. 1966 முதல் அகில இந்திய வானொலியில் பண்ணை, இல்ல ஒலிபரப்புக்குத் தனிப் பிரிவுகள் அமைந்தன.

தகவல் எதிர்த் திசையிலும் ஓடியது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொண்டது. நெல் களத்திலேயே நனைந்து முளைவிட்டது. ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் 1967இல் திருவாரூரில், தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் இன்று இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வளர்ச்சியே.

ஆனால் இந்த வலையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். பண்ணைத் திட்டம் நிலம் உள்ளவர் பெயரில் எழுதப்பட்டது. பதிவில்லாத குத்தகைதாரருக்குச் சங்கக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. கூலித் தொழிலாளிக்கு இதில் இடமே இல்லை. இத்தனைக்கும் 1952இலேயே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மாவட்டம் இது. அலுவலர் ஊருக்கு வந்தால் உட்கார்ந்த திண்ணை பெரும்பாலும் மிராசுதாருடையது. பசுமைப் புரட்சியின் பலன் யாருக்குச் சேர்ந்தது என்று ஆராய்ந்த அரசியல் அறிஞர் ஃபிரான்சின் ஃபிராங்கெல் 1971இல் வெளியிட்ட நூலில் தஞ்சாவூரையும் ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். மாவட்டத்தின் கிழக்கே கீழவெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது 1968 டிசம்பரில். குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969இல்தான் வந்தது. விரிவாக்க வரலாறுகள் விளைச்சல் கணக்கோடு நின்றுவிடுவதும், இந்தப் பக்கத்தை அரசியல் வரலாற்றுக்குத் தள்ளிவிடுவதும் சரியல்ல.

பயிற்சியும் பார்வையிடலும்

உலக வங்கியின் உதவியோடு, டேனியல் பெனோர் வகுத்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இரண்டு வாரச் சுழற்சி. குறித்த நாளில் குறித்த ஊர். ஒவ்வோர் ஊரிலும் தொடர்பு விவசாயிகள். இடையில் பணியாளருக்குப் பயிற்சி நாள். மாதத்துக்கு ஒருமுறை மண்டலக் கூட்டத்தில் துறை அலுவலர்களும் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் உட்கார்ந்து அடுத்த மாதத்தில் என்ன சொல்வது என்று முடிவு செய்தார்கள். தஞ்சைப் பகுதிக்கு இதில் ஆடுதுறை நிலையமும், தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும் துணை.

தொழில் உறவு என்ற அளவில் இது ஒரு பாய்ச்சல். ஊரில் கண்ட புகையான் தாக்குதலை அலுவலர் நேரே பூச்சியியல் வல்லுநரிடம் சொல்ல முடிந்தது. ஆனால் ஒரே கட்டளைச் சங்கிலி என்பது இம்முறையின் அடிப்படை விதி. வேளாண் பணியாளர் வட்டார வளர்ச்சி அலுவலரின் பொறுப்பிலிருந்து வேளாண்மைத் துறையின் நேரடிப் பொறுப்புக்குப் போனார். ஆடுதுறையோடு நெருக்கம் கூடியபோது ஒன்றிய அலுவலகத்தின் அடுத்த மேசையோடு நெருக்கம் குறைந்தது. அதற்குப் பின் வந்த திட்டங்கள் பலவும், ஏதோ ஒரு வகையில், இந்த விலகலைச் சரிசெய்யும் முயற்சிகளே.

டென்மார்க் உதவியுடன் 1986இல் தொடங்கிய ‘தன்வா’ திட்டம் வேறொரு விடுபடலைத் தொட்டது. நாற்று பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெண்களாக இருக்க, விதை நேர்த்தியும் பூச்சி கண்டறிதலும் ஆண்களுக்கே சொல்லித்தரப்பட்டு வந்தன. தன்வாவில் பெண் வேளாண்மை அலுவலர்கள் ஊரிலேயே பயிற்சி நடத்தினார்கள். கற்றவர் மற்றப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

அட்மாவும் பின்னரும்

வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை, அதாவது ‘அட்மா’, 1998இல் வேறு ஏழு மாநிலங்களில் முன்னோட்டம் பார்க்கப்பட்டு 2005-06இல் நாடு முழுவதும் விரிந்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் நிர்வாகக் குழு. வட்டாரத்தில் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம், பட்டு வளர்ச்சி அலுவலர்கள் சேர்ந்த தொழில்நுட்பக் குழு. விவசாயிகளைக் கொண்ட ஆலோசனைக் குழு. ஒருங்கிணைக்க வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர். 1953இல் வட்டார அலுவலகக் கட்டடம் செய்த வேலையை இப்போது ஒரு குழு செய்ய வேண்டும் என்பதுதான் இதன் சாரம். மேலாளரும் உதவி மேலாளர்களும் ஒப்பந்தப் பணியாளர்கள். நிரந்தர அலுவலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் கொடுத்தது வியப்பான ஏற்பாடு. 2021-22இல் வந்த கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் இதே இணைப்பை ஊராட்சி அளவில் முயல்கிறது.

கூட்டங்களுக்கு வெளியே, கட்டாயத்தால் நிகழும் கூட்டுப்பணியே டெல்டாவில் உறுதியாக இருக்கிறது. வெள்ளத்தில் பயிர் மூழ்கினால், அல்லது 2018 நவம்பரின் கஜா போன்ற புயல் அடித்தால், கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் ஒரே வரப்பில் நடந்து சேதம் கணக்கெடுக்க வேண்டும். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் நிவாரணம். பயிர்க் காப்பீட்டுக்கு வேண்டிய அடங்கல் என்ற சாகுபடிப் பதிவு வருவாய்த் துறையிடம், மகசூலை உறுதிசெய்யும் அறுவடைப் பரிசோதனை வேளாண்மை, புள்ளியியல் துறைகளிடம். பதிவில்லாத குத்தகைதாரர் இங்கேயும் அடங்கலுக்காக நில உரிமையாளரின் தயவை நாடுகிறார்.

பூச்சி தாக்கிய பயிரின் படம் இப்போது கைபேசியில் விஞ்ஞானிக்குப் போய்விடுகிறது. மாதக் கூட்டம் வரை காத்திருப்பதில்லை. 2018இல் வெளியான ‘உழவன்’ செயலியில், உதவி வேளாண்மை அலுவலர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருவார் என்பதைப் பார்க்கத் தனிப் பகுதி உண்டு. குறித்த நாளில் குறித்த ஊர் என்ற பெனோரின் விதி அந்தப் பகுதியில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.