வன்னி நின்ற மண்ணில் புல்தரை

துபாயில் லேண்ட்ஸ்கேப் வேலைக்கு நான் வந்த காலத்தில் எல்லா வில்லாவுக்கும் ஒரே தோட்டம்தான். நடுவே புல்தரை, மதிலோரம் டமாஸ் மர வேலி, குளிர் தொடங்கியதும் வாசலில் பெட்டூனியா. வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம் என்கிற ஊர் இது. கோடையில் அந்தப் புல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும். அதுவும் கடல்நீரில் உப்பை நீக்கிய குடிநீர். ராமநாதபுரத்துக்காரனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எண்ணெய்ப் பணம் வந்த பிறகுதான் இங்கே பச்சையே வந்தது என்று பலர் சொல்வார்கள். அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் நகரின் தோப்புகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மலையடி நீரை மண்ணுக்குள் சுரங்கக் கால்வாய் வெட்டி, சரிவிலேயே ஓடவிட்டு, தோப்புக்குக் கொண்டுவரும் ஃபலஜ் முறைக்கு அங்கே ஏறக்குறைய மூவாயிரம் வயது. மேலே பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சையும் மாதுளையும், தரையில் குதிரைமசால் என்று ஒரே தண்ணீரில் மூன்று அடுக்கு வெள்ளாமை. 1946-ல் அல் ஐன் பகுதிக்குப் பொறுப்பேற்ற ஷேக் சாயித் முதலில் கைவைத்ததே தூர்ந்து கிடந்த ஃபலஜ்களில்தான். 2011-ல் யுனெஸ்கோ இந்தத் தோப்புகளைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1966-ல் அபுதாபியின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. நெடுஞ்சாலை ஓரங்களில், மணல்மேடுகளில் வரிசை வரிசையாக மரம் நட்டார்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் சொட்டுநீர்க் குழாய். காஃப், சமுர், சித்ர் என்று உள்ளூர் மரங்களும் அதில் உண்டு. எழுபதுகளில் கூடவே சீமைக்கருவேலமும் வந்தது. சீக்கிரம் வளரும், உப்புத் தண்ணீரைத் தாங்கும், பிறகென்ன? பிறகு நடந்ததை எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடும் ஒட்டகமும் காயைத் தின்று விதையைப் பரப்ப, தாழ்வான நிலமெல்லாம் அது மண்டி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கியது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017-ல் வெட்டச் சொன்னதும் இதே மரத்தைத்தான். உள்ளூர் மரமானாலும் குழாய் வைத்து வளர்த்தால் குடிப்பது நிலத்தடி நீரைத்தானே. அபுதாபியில் நீர்மட்டம் இறங்கியதில் அந்தக் காடுகளுக்கும் பங்கு உண்டு.

இவர்கள் காஃப் என்பது நம் வன்னிதான். திருவான்மியூரிலும் விருத்தாசலத்திலும் தலவிருட்சம். ராஜஸ்தானத்துக் கேஜர்லியில் 1730-ல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்ததும் இந்த மரத்தை வெட்டவிடாமல் தடுக்கத்தான். பஹ்ரைன் பாலையில் சுமார் நானூறு ஆண்டுகளாகத் தன்னந்தனியே நிற்கும் 'உயிர் மரமும்' இதுவே. அமீரகம் இதை 2008-ல் தேசிய மரமாக்கியது. 2019-ல் சகிப்புத்தன்மை ஆண்டுக்குச் சின்னமாகவும் வைத்தது.

வளர்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நர்சரிப் பையில் நாள்பட இருந்த கன்று வேண்டாம், ஆணிவேர் சுருண்டுபோயிருக்கும். நட்ட பிறகு மேலே ஒன்றும் தெரியாது, வளர்ச்சி முழுக்கக் கீழே. வீட்டுக்காரர் வந்து, "செத்துப்போச்சா?" என்பார். அவர் பயத்துக்கு இணங்கித் தினமும் மேலாகத் தண்ணீர் விட்டால் வேர் இறங்காமல் பக்கவாட்டில் பரவும். பிறகு ஒரு பெருங்காற்றில் மரம் சாயும். ஆழமாக நனைத்து, நாள் விட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் குழாயையே பிடுங்கிவிட வேண்டும். தோட்டக்காரன் தன் வேலையைத் தானே ஒழிக்கிற மரம்!

டமாஸ் வேலியின் மவுசும் குறைந்துவிட்டது. அதன் வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து செய்யும் வேலை அப்படி. 2021-ல் அபுதாபி ரீம் தீவில் திறந்த அல் ஃபே பூங்காவை உள்ளூர் மரங்களை வைத்தே அமைத்திருக்கிறார்கள். வில்லாக்களிலும் சரளைக்கல், காஃப், பல்குச்சி ஒடிக்கும் உகாய் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். எருக்கை மட்டும் யாரும் கேட்பதில்லை. மணலில் சும்மா கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

புல் ஆசை போய்விடவில்லை, பிளாஸ்டிக் ஆகியிருக்கிறது. தண்ணீர் மிச்சம்தான், ஆனால் ஜூலை மதியத்தில் எந்தப் பிள்ளை அதன்மேல் கால் வைக்கும்? வரைபடம் போடும்போது ஒரு மூலையில் வன்னிக்கு இடம் விட்டுத்தான் கொடுக்கிறேன். சிலர் ஒத்துக்கொள்வார்கள். சிலர் அதை அடித்துவிட்டு, இரண்டாவது கார் நிறுத்த அங்கே இன்டர்லாக் கல் பதிக்கச் சொல்வார்கள்.