வயது திருந்தியது, 'மோதல்' திருந்தவில்லை

வடுகபட்டியில் மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாளிதழ் வாசிப்பது எங்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊரில் ஆதிக்க சாதியினர் நம் மக்களின் தெருவுக்குள் புகுந்து அடித்தார்கள். 'இரு தரப்பினர் மோதல்' என்று செய்தி வந்தது. அடிபட்டவரின் வயதும் தவறாக இருந்தது. இரண்டையும் சுட்டிக்காட்டி ஆசிரியருக்கு எழுதினோம். பத்து நாள் கழித்து உள்பக்க மூலையில் மூன்று வரித் திருத்தம் வந்தது. வயது திருந்தியிருந்தது. 'மோதல்' அப்படியே இருந்தது.

"அப்ப அடி வாங்குனவங்களும் மோதுனவங்கதானாக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

இந்தக் கேள்வி பழையது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் கூலிகளின் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தன. பண்ணையார்களும் அடியாட்களும் அதற்குத் தீ வைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அன்றைய நாளேடுகளில் இது விவசாயிகளுக்குள் நடந்த மோதலாக அச்சேறியது. கொளுத்தியவர்களும் கருகியவர்களும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். சாதி காணாமல் போனது. அரசுக் கணக்கு 42 பேர். வெண்மணி நினைவிடத்தில் பொறித்திருப்பதோ 44 பெயர்கள்.

எண்ணில் வரும் பிழையை எண்ணிக் காட்டலாம். சொல்லில் வரும் பிழையைப் 'பார்வை வேறுபாடு' என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் 'மோதல்' என்று அச்சானால், அடிபட்டவர் மீதே எதிர்வழக்குப் போடுவதும் ஊருக்கு நியாயமாகத் தெரியத் தொடங்கும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது. திருத்தம் வரும் என்று காத்திராமல் தாமே அச்சடித்தார்கள்.

பிறகு சில கதவுகள் திறந்தன. 2006-இல் 'தி இந்து' ஆங்கில நாளேடு வாசகர் ஆசிரியரை நியமித்து, பிழைதிருத்தத்துக்கென்று நிலையான இடம் ஒதுக்கியது. பிழை உறுதியானால் உடனே, உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வெளியிட வேண்டும், கடுமையான தவறென்றால் வருத்தமும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகள். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பில் இல்லை.

பல் குறைந்த அமைப்புதான். இருந்தாலும் தோழர்களே, அதை விட்டுவிடக் கூடாது. செய்தி வந்த பக்கத்தைத் தேதியோடு வெட்டி வையுங்கள். முதலில் ஆசிரியருக்கு எழுதி, நகலைக் கையில் வையுங்கள். சரியான பதில் இல்லையென்றால் கவுன்சிலுக்குப் போங்கள். நாளேட்டுச் செய்திக்கு இரண்டு மாதத்துக்குள் புகார் போயாக வேண்டும். வயதையும் ஊர்ப் பெயரையும் மட்டும் திருத்தக் கேட்காதீர்கள். யார் அடித்தார்கள், யார் அடிபட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவியே எங்கள் இரண்டாவது கடிதத்தை எழுதினாள். பதில் வரவில்லை. அந்தச் செய்தியும், மூன்று வரித் திருத்தமும், அவள் கடிதத்தின் நகலும் ஒரே கோப்பில் எங்களிடம் இருக்கின்றன. நாளை இந்த ஊரின் வரலாற்றை எழுத வருபவர் செய்தியை மட்டும் படித்துவிட்டுப் போய்விடக் கூடாது.