விடுதி அறையும் காற்றும்

மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் குன்னம் வட்டாரத்திலிருந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பிற பகுதிகளைப் போலவே, இளைஞர்கள் திருச்சியில் விமானமேறிச் சிங்கப்பூரின் கட்டுமானப் பணிக்கும் கப்பல் பட்டறைக்கும் செல்வது ஊர் வழக்கமாகிவிட்டது. ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தையும் ஊரில் எழுந்த மாடி வீட்டையும் கொண்டே இவ்வழக்கம் பெரும்பாலும் பேசப்படுகிறது. அவர்கள் படுத்துறங்கிய அறைக்கும் நீண்டதொரு வரலாறு உண்டு.

கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜே. சிம்ப்சன் 1907-இல் அளித்த அறிக்கை, சிங்கப்பூரின் நீண்டு ஒடுங்கிய கடைவீடுகள் சன்னலற்ற சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு உழைப்பாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டதையும் அங்கே காசநோய் மலிந்திருந்ததையும் பதிவுசெய்து, காற்று புகும்படி வீடுகளின் பின்புறம் சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றது. தும்மலில் தெறிக்கும் துளிகளில் மிக நுண்ணியவை தரையில் விழுமுன் உலர்ந்து நெடுநேரம் மிதக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் 1934-இல் விளக்கினார். ஆயினும் 2020 மார்ச் இறுதியில்கூட உலக சுகாதார அமைப்பு, கொரோனா காற்றில் பரவுவதில்லை என்றே அறிவித்தது.

அப்போது சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 பேர் இருந்தனர். ஆளுக்கு 4.5 சதுர மீட்டர் என்ற விதி சமையற்கூடத்தையும் கழிப்பறையையும் சேர்த்தே கணக்கிட்டதால், இரண்டடுக்குக் கட்டில்களும் கொடிகளில் தொங்கும் ஈரத்துணிகளும் நிறைந்த ஓர் அறையில் 12 முதல் 20 பேர் வரை உறங்கினர். மின்விசிறியோ இருக்கும் காற்றைச் சுழற்றுமேயன்றிப் புதுக் காற்றைக் கொணராது. ஏப்ரல் 5 அன்று பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் ஆகிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன.

வாயிலை அடைத்தது நகரைக் காத்தது. உள்ளிருந்தோருக்கு அது காப்பாகவில்லை. இதற்கு நேர்மாறாக, சென்னையில் மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்ட காலத்தில் அங்கு உழைத்தவர்கள் சொந்த ஊர் திரும்பியதால், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் தொற்றாளர் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. சிங்கப்பூரில் நோய் வெளியேறாமல் அறைக்கு அறை சுழன்றது: டிசம்பரில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். பலருக்கு அது தெரியவேயில்லை. பின்னர் செய்த இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது. பெரும்பாலோர் இளைஞர் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு.

2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், இனிக் கட்டப்படும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, பொது வசதிகள் நீங்கலாக ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் வேண்டும் என்றன. பழைய விடுதிகளுக்கோ 2030 வரை அவகாசம் தரப்பட்டது. அதற்குள் அவை ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்கால அளவை எட்டினால் போதும்.