ஆந்தை போட்ட வெள்ளிக்காசு: பழங்கால கிரேக்க நாணயத்தை அடையாளம் காண்பது எப்படி?

கிரேக்க நாட்டின் 1 யூரோ நாணயத்தைப் பாருங்க. ஒரு பக்கத்தில் ஆந்தை ஒன்று உங்களையே முறைச்சுப் பார்க்கும்.

அது புதுசா வரைந்தது இல்லை. சுமார் 2400 வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸ் நகரம் அடித்த வெள்ளிக்காசிலிருந்து எடுத்தது.

பழங்கால கிரேக்கக் காசு சேகரிக்க ஆசைப்படும் புதியவர்கள் முதலில் பழக வேண்டியதும் இந்த ஆந்தையோடுதான். இதை வைத்தே அடிப்படையைப் பார்த்துவிடுவோம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

முதலில் கணக்கு.

6 ஒபோல் = 1 டிரக்மா.
4 டிரக்மா = 1 டெட்ராடிரக்ம்.

ஏதென்ஸ் டிரக்மா சுமார் 4.3 கிராம். ஆந்தை டெட்ராடிரக்ம் சுமார் 17.2 கிராம். ஒபோல் வெறும் 0.7 கிராம், கிட்டத்தட்ட ஒரு பாராசிட்டமால் 650 மாத்திரையின் எடை!

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸ் கோயில் கட்டுமானக் கணக்குகளைப் பார்த்தால், தொழில் தெரிந்த ஒருவரின் நாள் கூலி 1 டிரக்மா. அப்படின்னா ஒரு பெரிய ஆந்தைக்காசு நாலு நாள் சம்பளம்.

எப்படி அடையாளம் காண்பது?

முன்பக்கம்: தலைக்கவசம் போட்ட ஏதெனா தெய்வம்.
பின்பக்கம்: ஆந்தை, ஆலிவ் தளிர், சின்னப் பிறை. பக்கத்தில் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று ஊர்ப்பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்து.

காலத்தைக் கணிக்க ஏதெனாவின் கண்ணைப் பாருங்க. முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் நேராகப் பார்ப்பது போல முழுசா இருந்தால் அது கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பாணி. கண்ணும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அதற்குப் பிந்தியது. ஆந்தை ஜாடி மேல் நின்றால் இன்னும் பிந்தியது, கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய வகை.

மற்ற ஊர்களுக்கும் இப்படி முத்திரை உண்டு. ஆமை என்றால் ஈஜினா. சிறகு முளைத்த குதிரை என்றால் பெரும்பாலும் கொரிந்து. சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் தலை, பின்னால் அரியணையில் ஜியஸ் என்றால் அலெக்சாண்டர் வகை.

சரி, அசலா போலியா?

அந்தக் காலத்தில் காசை வார்க்கவில்லை, சுத்தியலால் அடித்தார்கள். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் வெள்ளி வில்லை. ஓங்கி ஒரு அடி. அதனால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதும், விளிம்பு வெடித்திருப்பதும் குறை இல்லை.

நீங்க பார்க்க வேண்டியது:

1. எடை. துல்லியமான தராசில் போடுங்க. வகைக்குரிய எடையிலிருந்து ரொம்ப விலகினால் சந்தேகப்படுங்க.

2. விளிம்பு. சுற்றிலும் ஒட்டுக்கோடு ஓடினால் அது வார்த்த போலி.

3. பரப்பு. லென்ஸில் குட்டிக் குட்டி குமிழிக் குழிகள், மழுங்கிய கோடுகள் தெரிந்தால் ஜாக்கிரதை.

4. இரட்டை. ஒரே வெடிப்பு, ஒரே வடிவம், ஒரே கீறலோடு இரண்டு காசு இருந்தால் கதை முடிந்தது.

காந்தத்தை மட்டும் நம்பாதீங்க. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, காரீயமும் ஒட்டாது.

சில காசுகளில் ஆழமான வெட்டு இருக்கும். "உடைஞ்ச காசு" என்று நினைக்காதீங்க. உள்ளே வெள்ளிதானா என்று அந்தக் காலத்திலேயே வெட்டிப் பார்த்த தழும்பு அது.

போர் நெருக்கடியில் ஏதென்ஸ் அரசே கி.மு. 406 வாக்கில் செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிக் காசு விட்டது. பிறகு கி.மு. 375இல் ஒரு சட்டம். சந்தையில் நாணயப் பரிசோதகர் உட்கார வேண்டும். உள்ளே செம்போ காரீயமோ இருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும். அந்தப் பரிசோதகர் ஒரு அரசு அடிமை. வேலைக்கு வராவிட்டால் அவருக்கு 50 கசையடி!

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது?

ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியன் சுரங்கம். கி.மு. 483 வாக்கில் அங்கே பெரிய வளம் கிடைத்தது. ஆளுக்கு 10 டிரக்மா பங்கு போடலாம் என்று பேச்சு. "வேண்டாம், கப்பல் கட்டுவோம்" என்றார் தெமிஸ்டோக்ளிஸ். அந்தக் கப்பல்கள்தான் கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையைத் தோற்கடித்தன.

இது எல்லோரும் சொல்லும் பெருமை. மருத்துவனாக எனக்கு அடுத்த பக்கம்தான் கண்ணில் படுகிறது.

லாரியன் தாதுவில் காரீயமே அதிகம், வெள்ளி கொஞ்சம்தான். உருக்கி, காரீயத்தைப் பிரித்தால்தான் வெள்ளி நிற்கும். அந்தப் புகையையும் தூசியையும் சுவாசித்தவர்கள் அடிமைகள். காரீய நஞ்சு உடம்பில் ஏறினால் தீராத வயிற்றுவலி, ரத்தசோகை, நரம்பு பாதித்து மணிக்கட்டு தொங்கிப்போவது என்று வரிசையாக வரும். அந்தப் பகுதி உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு அன்றே இருந்ததை ஸெனோஃபோன் எழுதியிருக்கிறார். கிரேக்க, ரோமானிய காலத்துக் காரீயப் புகையின் தடயம் கிரீன்லாந்து பனிக்கட்டியில் இன்றும் இருக்கிறது.

அதே ஸெனோஃபோன் இன்னொரு கணக்கும் தருகிறார். நிகியாஸ் என்ற தளபதி 1000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். வாடகை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 ஒபோல். அதுவும் முதலாளிக்கு.

விலை குறைவு என்பதால் புதியவர்கள் பலர் முதலில் வாங்குவது இந்த ஒபோலைத்தான். விரல் நுனியில் நிற்கும் அந்த 0.7 கிராம், ஒரு மனிதனின் ஒரு நாள் வாடகை.

வாங்கும் முன் மூன்று விஷயம்:

காசு எங்கிருந்து, யார் கை மாறி வந்தது என்ற காகிதம் கேளுங்க. காகிதம் இல்லாத காசு திருட்டுத்தனமாகத் தோண்டியதாக இருக்கலாம். தோண்டிய இடத்தின் வரலாறு அதோடு போய்விடும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷத்தைத் தாண்டிய நாணயம் தொல்பொருள். விற்பனை செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

புளி, பல்பொடி, பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். மேலே படிந்த கருமையும் அதன் வயதுக்குச் சாட்சி. பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும், அதையும் தவிருங்க.

அவசரமே வேண்டாம். முதல் ஆறு மாதம் காசு வாங்காமல் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் அசல் காசுகளை மட்டும் பார்த்துக் கண்ணைப் பழக்குங்க. சந்தேகம் இருந்தால் கேளுங்க, தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.