உலா பிரவுசர், அரட்டை ஆப், சொந்த சர்வர்... ஸ்ரீதர் வேம்பு சொல்வது என்ன? எவ்வளவு சரி? | எக்ஸ்பிளைனர்

திண்டுக்கல் - கரூர் ரோட்டில் உள்ள தாடிக்கொம்பில் ஒருவர் காலையில் போனை எடுத்து ஆன்லைனில் பட்டா பார்க்கிறார், கரண்ட் பில் கட்டுகிறார், சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் அதற்குள் பிரவுசர், சர்வர், ஆப் எனப் பல கம்பெனிகளின் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்கள்.

இந்த வாசல்களில் சிலவாவது நம் கையில் இருக்க வேண்டும் என்று சொல்பவர் ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. அவர் சொல்வதில் எது நடந்திருக்கிறது, எது இன்னும் பாக்கி என்று பார்க்கலாம்.

யார் இவர்?

சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த நிறுவனம்தான் 2009இல் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆனது. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஆபீஸ் போட்டு, சாஃப்ட்வேர் எழுத பெருநகரம்தான் வேண்டும் என்பதில்லை எனக் காட்டியவர். 2021இல் பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில் சிஇஓ பொறுப்பிலிருந்து விலகி, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் போனார்.

பிரவுசரில் என்ன பிரச்சனை?

பிரவுசரை நாம் காசு கொடுத்து வாங்குவதில்லை. அப்போ கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? விளம்பரத்திலிருந்து. நாம் எதைத் தேடுகிறோம், எந்த சைட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்ற தகவல்தான் விளம்பரக்காரர்களுக்குத் தேவையான சரக்கு.

இந்த இடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஒரு கணக்கு: போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் வர வேண்டும் என்பதற்காக கூகுள் 2021இல் மட்டும் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்த தொகை இது. இந்தியாவிலும், ஆண்ட்ராய்டு சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது.

இலவச ஆப்பில்கூட விளம்பரம் போட மாட்டோம் என்பது ஸோஹோவின் நிலைப்பாடு. அதே அடிப்படையில் 2023 மே மாதம் 'உலா' பிரவுசரை வெளியிட்டது. நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசான ரூ.1 கோடியையும் வென்றது.

பெயரும் நல்ல தமிழ்ப் பெயர்தான். சிற்றிலக்கியத்தில் 'உலா' என்றே ஒரு வகை உண்டு. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பக்கம் இருப்பவர்களுக்கு சாமி வீதி உலா என்றால் விளக்கவே வேண்டாம்.

அப்போ உலா முழுக்க நம்முடையதா?

இல்லை. பிரவுசரின் உயிர், அதற்குள் இருக்கும் இன்ஜின். உலா ஓடுவது குரோமியம் மீது. இது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம்தான். ஆனால் அதை வழிநடத்துவது கூகுள். மைக்ரோசாஃப்ட் எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே இதே கதைதான். ஐபோனில் இன்னும் இறுக்கம். இந்தியாவில் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்.

பாடி நம்ம ஊரில் கட்டியது, இன்ஜின் வெளியிலிருந்து வந்தது. லாரி ஓட்டுபவர்களுக்கு இது எளிதாகப் புரியும். டிராக்கரைத் தடுப்பது உண்மையான பலன். ஆனால் இன்ஜினில் கூகுள் செய்யும் மாற்றம் உலாவையும் தொடும்.

சர்வர் விஷயத்தில்?

ஸோஹோவின் பலமான பக்கம் இதுதான். பல நிறுவனங்கள் அமேசான், மைக்ரோசாஃப்ட் சர்வர்களை வாடகைக்கு எடுக்கின்றன. அங்கே கோளாறு வந்தால் இங்கேயும் விளக்கு அணையும். 2025 அக்டோபர் 20இல் அமேசான் கிளவுடில் ஏற்பட்ட பிரச்சனையால் சிக்னல், ஸ்னாப்சாட் உட்படப் பல ஆப்கள் முடங்கின.

ஸோஹோ தன் சேவைகளைச் சொந்த டேட்டா சென்டர்களில் வைத்திருப்பதாகவும், இந்திய வாடிக்கையாளர் தகவல்கள் மும்பை, டெல்லி, சென்னையில் இருப்பதாகவும் வேம்பு 2025இல் விளக்கினார். லினக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் மீது கட்டியிருப்பதையும், வேகத்துக்காகச் சில இடங்களில் மட்டும் வெளி கிளவுடைப் பயன்படுத்துவதையும் அவரே சொன்னார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் இமெயில் இப்போது ஸோஹோ தளத்தில் இருக்கிறது.

சொந்த சர்வர் இருந்தால் போதுமா?

போதாது என்பதற்கு ஸோஹோவே சாட்சி. 2018 செப்டம்பர் 24 அன்று ஸோஹோ டாட் காம் உலகம் முழுக்கத் திடீரெனக் காணாமல் போனது. சர்வர்கள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் மோசடி மெயில் புகார்களைக் காரணம் காட்டி, டொமைனைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்த முகவரியை முடக்கிவிட்டது. கடை திறந்திருக்கிறது, கடைக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்ற நிலை. வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு டொமைன் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

2025 ஜூலையில் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கும் இதுபோல ஒரு அனுபவம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் சேவைகள் நிறுத்தப்பட, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகே சேவை திரும்பியது.

அரட்டை பற்றி அவர் கருத்து என்ன?

2021இல் வந்த அரட்டை ஆப், 2025 செப்டம்பரில் திடீரெனப் பிரபலமானது. தினசரி 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் 3 நாளில் 3.5 லட்சமாக உயர்ந்ததாக வேம்பு சொன்னார். ஒரே கம்பெனி எல்லோரையும் பூட்டி வைக்கக் கூடாது, யுபிஐ போல ஒரு ஆப்பிலிருந்து இன்னொரு ஆப்புக்கு மெசேஜ் போக வேண்டும் என்பது அவர் வாதம். இமெயில் ஏற்கெனவே அப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் அந்த சமயத்தில் அரட்டையில் கால்களுக்கு மட்டுமே எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருந்தது, மெசேஜுக்கு இல்லை. இதற்காக விமர்சனமும் வந்தது. நம்ம ஊர் ஆப் என்பதும், நம் ரகசியம் காக்கும் ஆப் என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

நாம் எதைப் பார்க்க வேண்டும்?

புது ஆப் போடும் முன் 4 கேள்வி கேளுங்கள்: இந்தக் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? என் தகவல் எந்த ஊர் சர்வரில் இருக்கிறது? என் மெசேஜை கம்பெனியே படிக்க முடியுமா? நாளைக்கு வேண்டாம் என்றால் என் தகவலை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா?

ஸோஹோவிடமும் இதையே கேட்கலாம், கூகுளிடமும் இதையே கேட்கலாம். நான்காவது கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், மற்ற மூன்றில் ஏமாந்தாலும் நமக்கு ஒரு வழி இருக்கும்.