குளிரும் காலமும் செய்த மது

1787-ஆம் ஆண்டு. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன், வட இத்தாலியின் டூரின் நகரில் 'நெபியோலோ' என்னும் திராட்சை மதுவைச் சுவைத்தார். அதில் இனிப்பும் துவர்ப்பும் நுரைப்பும் ஒருங்கே இருந்தனவாம். இன்று அதே திராட்சையிலிருந்து வரும் 'பரோலோ' செம்மதுவில் இனிப்பும் இல்லை, நுரையும் இல்லை. ஏன் இந்த மாற்றம்?

பீட்மாண்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளில், மூடுபனி இறங்கும் அக்டோபரில்தான் நெபியோலோ பழுக்கிறது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர் வந்துவிடும். சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் குளிரில் உறங்கிவிடும், சர்க்கரை எஞ்சும். இளவேனிலில் அவை மீண்டும் விழித்தால் கரியமில வாயு உண்டாகும். ஜெஃபர்சன் கண்ட இனிப்பும் நுரையும் இவ்வாறே வந்திருக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் நொதித்தலை முடிவு வரை நடத்தக் கற்றனர். இனிப்பு போயிற்று, துவர்ப்பு மேலோங்கியது. கடுந்தேநீர் உங்கள் நாக்கைப் பிடிக்கிறதல்லவா? அதற்குக் காரணமான டானின் வகைப் பொருள்களே இங்கும் உள்ளன. இத்துவர்ப்பைத் தணிப்பது காலம். டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்து, ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. சிவப்பும் செங்கல் நிறமாகிறது. எனவேதான் பரோலோவை 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், வைத்திருக்க வேண்டும் என்கிறது இத்தாலியச் சட்டம்.

இன்று புவி வெப்பமடைவதால் அறுவடை முந்தி வருகிறது. குளிரைச் சமாளித்த அக்குன்றுகளின் உழவர், இனி வெப்பத்தைச் சமாளிக்கக் கற்க வேண்டும்.